பொத்தான் படித்த எதிர்ப்பக்கம்

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். உப்பின கன்னம், மூக்கு நுனியில் கண்ணாடி. அவள் என் தம்பி மகள். எனக்கு ஒரே தம்பி, அவன் டைலர். அவனுக்கு மூத்தது பையன், இளையது இவள்.

அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பேர், வயசு எழுதுகிறவர்கள் எல்லாரும் இவளைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார்கள். நாம் எழுதி முடிப்பதற்குள் அவள் எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்து முடித்துவிடுவாள். போன மாதம் என் முழங்கையைக் காட்டப் போனபோது எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவரிடம் நடந்தது இது.

“ஐயா, வயசு எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க. பிறந்த வருசத்தைப் பார்த்தா அறுபத்தெட்டுதான் வருது.”

“நான் இன்னும் தாளையே உங்கிட்ட கொடுக்கலையேம்மா!”

“கொடுக்கறப்போ கொடுங்க. முதல்ல பத்து வயசைக் குறைங்க, உடம்புக்கு நல்லது.”

டீக்கடையில் இவளுக்கு எதிரே உட்கார்ந்து, மேசையில் பேப்பரை விரித்துப் படிக்கிறவர் பாடு இன்னும் மோசம். அவர் முதல் செய்தியில் இருக்கும்போதே இவள் பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு, “அண்ணே, திருப்புங்களேன், எவ்வளவு நேரம்?” என்பாள். பேப்பர் வாங்கினவர் பதறிப்போய்த் திருப்பியும் விடுவார்.

இந்த வித்தை எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்காதவர் கிடையாது. டைலர் கடையில் கற்றுக்கொண்டாள். ஆனால் அது வித்தை என்று கண்டுபிடித்தது ஒரு டீச்சரின் முட்டிவலி. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டில் அவளுக்குப் பொத்தான் என்று பெயர். தவழுகிற வயதில், கடையில் விழுந்து கிடந்த ஒரு கோட்டுப் பொத்தானை விழுங்கிவிட்டாள். எங்கள் சின்ன மாமாவின் மூத்த சம்பந்தி தன் கோட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்த பொத்தான் அது. விழுங்கினது அதற்குரிய வழியில் வந்து சேர்ந்தது. கழுவி, அதே கோட்டில் தைத்தும் கொடுத்தாயிற்று. சம்பந்திக்கு இன்று வரை தெரியாது. தெரிந்த சொந்தக்காரர்கள் யாரும் அவர் அந்தக் கோட்டைப் போட்டிருக்கும்போது கட்டிப்பிடித்து நலம் விசாரிப்பதில்லை. அவ்வளவுதான்.

மூத்தவனுக்கு ஊசி என்று பெயர். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும்.

கடை என்றால் வீட்டின் முன் அறைதான். நடுவில் துணி வெட்டும் மேசை. வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் மிஷின். மேசையின் ஒரு ஓரம் சுவரை ஒட்டியிருக்கும். எதிர் ஓரத்தில் எந்நேரமும் கரி கனன்றுகொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டி. ஆக, உட்கார்வதற்கு மிச்சம் இரண்டு பக்கம்தான். ஒரு பக்கத்தில் ஊசி உட்கார்ந்து பாடப் புத்தகத்தை மேசையில் விரித்து, விரலை வைத்துச் சத்தம் போட்டுப் படிப்பான். அவனுக்கு நேர் எதிரே பொத்தான், முகவாயை மேசையில் வைத்துக்கொண்டு, அவன் விரல் போகிற இடமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் இருந்த புத்தகம் அது ஒன்றுதான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் இஸ்திரிப் பெட்டி சுடும். அதனால் பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்து வளர்ந்தாள். பேசப் பழகின நாள் முதல் அப்படித்தான்.

“தொந்தரவே இல்லாத பிள்ளைக்கா. வேடிக்கை பாத்துட்டே உக்காந்திருக்கு” என்று என் தம்பி பெருமையாகச் சொல்லுவான்.

அந்தப் பெருமை பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும்தான்.

நான் அப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயா. மணி அடிப்பது, பானையில் தண்ணீர் நிரப்புவது, மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுவது எல்லாம் என் வேலை. ஆகவே வீட்டில் நடந்ததும் தெரியும், வகுப்பில் நடந்ததும் தெரியும். முதல் நாள் பொத்தான் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டென்று தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

“புத்தகத்துக்குத் தலை எது கால் எதுன்னு கூடத் தெரியாத பிள்ளை இதுதான் முதல் பிள்ளை!” என்று கையில் ஒரு தட்டுத் தட்டி நேராக வைத்தார். மறுபடி திருப்பினாள். மறுபடி ஒரு தட்டு. மூன்றாவது தடவை பொத்தான் திருப்பவில்லை. அதற்கப்புறம் என்றைக்கும் திருப்பவில்லை. படிக்கவும் இல்லை.

சிலேட்டில் எழுதச் சொன்னால் வலது பக்கக் கீழ் மூலையிலிருந்து ஆரம்பித்து என்னவோ கிறுக்குவாள். “கோழி கிளறினாப்பல இருக்கு” என்று அழித்துவிடுவார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வைத்தார்கள். எப்படியோ மூன்றாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டு, பெரிய சார் என் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். தலைமை ஆசிரியரைத்தான் நாங்கள் பெரிய சார் என்போம். ஆள் என் இடுப்பு உயரம்.

“டைலரே, இந்த வருசம் கல்வி அதிகாரி வருவாரு. ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லுவாரு. உங்க பொண்ணு வாயைத் திறக்கலைன்னா பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேரு. அப்புறம் நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க.”

தம்பி கல்நெஞ்சக்காரன் இல்லை. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து திட்டு வாங்குவதைவிடக் கடையில் உட்கார்ந்து காஜா எடுக்கட்டும் என்று நினைத்தான். காஜா என்றால் பொத்தான் போடுகிற துளை. அதைச் சுற்றி நூலால் பின்னுவதற்குப் பொறுமை வேண்டும். “பொத்தானுக்குப் பொருத்தமான வேலைதானக்கா” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒரு முக்காலி செய்து வாங்கி வந்து மிஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டான். சின்ன முக்காலி. எட்டு வயதுப் பிள்ளை உட்காரும் அளவு. பொத்தான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டு போவாள், மிதித்தால் கடிக்கும் என்பதுபோல.

அந்த வருடம்தான் மூன்றாம் வகுப்புக்குக் குடை டீச்சர் வந்து சேர்ந்தார்.

நல்ல பருமன். வெயிலானாலும் மழையானாலும், இரண்டும் இல்லாவிட்டாலும், கையில் ஒரு நீளக் குடை. முட்டிவலிக்கு ஊன்றிக்கொள்ளத்தான். கைத்தடி வைத்தால் கிழவி என்று சொல்லிவிடுவார்களாம். வந்த அன்றே நான் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் உறவுமுறை விசாரித்தேன்.

“உங்க அம்மா வழியில யாராவது ரயில்வேயில இருந்தாங்களா டீச்சர்?”

“இல்லையே ஆயாம்மா.”

“அப்பா வழியில?”

“எங்கப்பாவுக்கு ரயிலைப் பாத்தாலே தலை சுத்தும்.”

எந்தக் கொடியைப் பிடித்து இழுத்தாலும் எங்கள் குடும்பத்தில் வந்து சேரவில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாகவே இருந்தது. எங்கேயாவது ஒரு பெண் எடுத்தோ கொடுத்தோ இருக்க மாட்டார்களா என்ன?

மற்ற டீச்சர்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்து, தோளுக்கு மேலே குனிந்து பார்ப்பார்கள். குடை டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேசைக்கு எதிரே வந்து நிற்க வேண்டும். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில், கணக்குப் புத்தகத்தை மேசையில் விரித்து, அதன்மேல் வாரப் பத்திரிகையை விரித்துத் தொடர்கதை படிப்பார். எதிரிலிருந்து பார்த்தால் டீச்சர் கணக்கில் மூழ்கியிருப்பதுபோல இருக்கும். கணக்குக்கு யாரும் அப்படி மூக்கை உறிஞ்சி அழுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு மத்தியானம் பொத்தான் சிலேட்டோடு எதிரே போய் நின்றாள். டீச்சர் நிமிரவில்லை. கதையில் ஒரு டாக்டரை அவருடைய மைத்துனனே ஆற்றுக்குள் தள்ளிவிட்டிருந்தான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தின் பாதியில் இருந்தார்.

“அப்பாடா, சாகலை!” என்றாள் பொத்தான்.

“யாருடி?”

“டாக்டர். கீழ ஒரு மரத்தைப் பிடிச்சுட்டுத் தொங்கறாரு. மைத்துனன் அது தெரியாம வீட்டுக்குப் போயிட்டான்.”

“ஏண்டி, நான் இன்னும் அந்த இடத்துக்கே வரலையே! அதுக்குள்ள ஏன் சொன்ன?” டீச்சருக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வாரம் காத்திருந்த கதை இப்படி உடைந்தால் யாருக்குத்தான் வராது? பிறகுதான் பக்கத்தின் கடைசி வரிக்குக் கண்ணைக் கொண்டுபோனார். டாக்டர் அங்கே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

“உனக்கு யாரு சொன்னா?”

“இங்கதான போட்டிருக்கு” என்று பொத்தான் விரலை வைத்தாள். சரியாக அந்த வரியில்.

வாசலில் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். டீச்சர் பத்திரிகையை அவள் பக்கம் நேராகத் திருப்பி வைத்தார். “எங்க, படி.”

பொத்தான் முகம் சுருங்கிப்போனது. “தெரியாது டீச்சர்.”

பத்திரிகையைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார். பொத்தான் குதிரை ஓடுவதுபோலப் படித்தாள். மறுபடி அவள் பக்கம் திருப்பினார். வாய் மூடிக்கொண்டது. திருப்பினால் குதிரை, திருப்பினால் ஊமை. பத்திரிகை சுழன்று சுழன்று, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு நல்ல காற்று வந்தது. கடைசியில் டீச்சர் அதைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, “சரி, மீதியையும் படிச்சுடு” என்றார். டாக்டர் கரையேறிய பிறகுதான் நிறுத்தினார்கள். அன்றைக்குக் கணக்கு நடக்கவில்லை.

பிறகு டீச்சர் அவள் கையில் இருந்த சிலேட்டை வாங்கி, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். கோழி கிளறினது எல்லாம் எழுத்தாக நின்றது. கோணல் இல்லாத, ஒன்றுகூடத் தப்பில்லாத எழுத்து.

“ஏண்டி கண்ணு, இதை யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?”

“எங்க வீட்டுல ‘ப’ குடை மாதிரி கவுந்திருக்கும் டீச்சர். இங்க கிண்ணம் மாதிரி நிமிந்திருக்கு. பள்ளிக்கூடத்து எழுத்து வேற போலன்னு நினைச்சேன். திருப்பினா அடிச்சாங்க. அதான் விட்டுட்டேன்.”

டீச்சர் குடையைத் திறந்து மூடினார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: “நீ மக்கு இல்ல. உன்னை மக்குன்னு சொன்னவங்க யாருக்கும் முட்டிவலி இல்ல, அவ்வளவுதான்.”

பொத்தானுக்கு அது புரியவில்லை. ஆனால் மக்கு இல்லை என்பது புரிந்தது. வழி நெடுக அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். ஊசி, “டீச்சருக்குக் கண்ணாடி மாத்தணும் போல” என்றான்.

மறுநாள் மாலை, குடைக்கு ஓர் உறை தைக்க வேண்டும் என்ற சாக்கில் டீச்சரே கடைக்கு வந்தார். நானும் கூட வந்தேன். தம்பி பரபரத்துப்போய் அந்த முக்காலியைத் துடைத்து நகர்த்தினான்.

“உக்காருங்க டீச்சரம்மா.”

டீச்சர் முக்காலியை ஒரு பார்வை, தன்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “வேண்டாம் டைலரே. நான் உக்காந்தா இது தாங்காது. யாருக்கு இது?”

“பொண்ணுக்குத்தான். காஜா எடுக்க.”

டீச்சர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். மேசைக்கு இந்தப் பக்கம் ஊசி படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் முகவாயை வைத்துக்கொண்டு பொத்தான். டீச்சர் குடையை மேசையில் ஓங்கித் தட்டினார். ஊசி ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தான்.

“இதான் விஷயம்! டைலரே, உங்க பொண்ணு இத்தனை வருசமா இங்க உக்காந்து படிச்சிட்டிருக்கா!”

“யாரு, பொத்தானா? அது வேடிக்கை பாக்குது டீச்சரம்மா.”

“தலைகீழாப் படிச்சிட்டிருக்கா.”

தம்பி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தான், மறுபடி போட்டுக்கொண்டான். “தலைகீழாவா? துணியை மறுபுறமா வெட்டிட்டா வீண்தான டீச்சரம்மா?”

“துணிதான் வீணாகும். பிள்ளையைத் திருப்பிப் போட்டுக்கலாம்.”

அவன் பொத்தானை ரொம்ப நேரம் பார்த்தான். சந்தோஷப்படவும் பயமாக இருந்தது அவனுக்கு. எத்தனை தடவை சந்தோஷப்பட்டு ஏமாந்திருக்கிறான்! கடைசியில், “அதிகாரி வரட்டும் டீச்சரம்மா. அவரு முன்னால படிச்சா பள்ளிக்கூடம். இல்லைன்னா முக்காலி. நான் வேற என்ன சொல்ல?” என்றான்.

பொத்தான் மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

குடை டீச்சர் வைத்தியம் செய்த விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தன் மேசையில் சாக்பீஸால் கடிகாரம் போல ஒரு வட்டம் போட்டார். நடுவில் புத்தகம். முதல் நாள் பொத்தானுக்குத் தலைகீழாகவே வைத்தார். அவள் பயம் போகிறமட்டும் ஆசை தீரப் படிக்கவிட்டார். அப்புறம் சில நாளுக்கு ஒரு தடவை, ஒரு விரல் அகலம் நகர்த்துவார். “தெரியாத மாதிரி திருப்பறேன், நீயும் தெரியாத மாதிரி படி” என்பார். தடுமாறினால் ஒரு விரல் பின்னால் தள்ளிவிடுவார். திட்டு கிடையாது, அடி கிடையாது. நன்றாகப் படித்தால் அன்றைக்குத் தொடர்கதையில் அடுத்த வாரம் என்ன ஆகும் என்று பொத்தானிடம் யோசனை கேட்பார். பொத்தான் எல்லாரையும் ஆற்றில் தள்ளச் சொல்லுவாள்.

இதைப் பார்த்து மற்ற பிள்ளைகளுக்குப் பொறாமை. ஆளாளுக்குப் புத்தகத்தைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பைப் பார்த்தால் காற்றடித்த கொடியில் துணி பறக்கிற மாதிரி ஒவ்வொரு தலையும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தச்சர் பெண்டாட்டி மகனை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“என்ன டீச்சர் சொல்லித் தர்றீங்க? எம் பையன் கழுத்து ஒரு பக்கமாவே நிக்குது!”

“தலையணை சரியில்லம்மா.”

“எங்க வீட்டுல தலையணையே இல்ல!”

“பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?”

பெரிய சார் வேறு, “தலைகீழாப் படிக்கிறதெல்லாம் சட்டத்துல இல்லையே டீச்சர்” என்றார். “படிக்கக் கூடாதுன்னும் இல்லையே சார்” என்றார் இவர். பெரிய சார் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போனார். நல்ல வேளை, அது உயரமான அலமாரியில் இருந்தது.

புத்தகம் வட்டத்தில் பாதி வழி வந்து, பக்கவாட்டில் படுத்திருந்த நேரம். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் நேராக நிமிர்ந்திருக்கும். அதற்குள் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் வந்து இறங்கிவிட்டார்.

ஒல்லியான மனிதர், வயிறு மட்டும் உப்பி இருக்கும். வாயுத் தொல்லையாம். தண்ணீர் கொடுக்கும்போதே விசாரித்துவிட்டேன்: என் ஓரகத்தியின் அண்ணனுக்குச் சகலை. ஆக எனக்கு அண்ணன் முறை. பயம் கொஞ்சம் குறைந்தது. அவருக்குக் கொஞ்சம் கூடியது என்று நினைக்கிறேன், சீக்கிரம் உள்ளே போய்விட்டார்.

குடை டீச்சரின் நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்தார். டீச்சர் ஜன்னலோரம் குடையை ஊன்றி நின்றார். பெரிய சார் அதிகாரிக்குப் பக்கத்தில். நான் வாசலில் செம்போடு. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேசைக்கு எதிரே வர, அதிகாரி புத்தகத்தை அந்தப் பிள்ளை பக்கம் மரியாதையாகத் திருப்பி வைத்துப் படிக்கச் சொன்னார். நல்ல மனிதர்தான். அந்த மரியாதைதான் ஆபத்தாக வந்து சேர்ந்தது.

பொத்தான் முறை வந்தது. அதிகாரி புத்தகத்தை அவள் பக்கம் நேராகத் திருப்பினார். பொத்தான் அதைப் பார்த்தாள். பழைய முகம் வந்துவிட்டது. பக்கவாட்டில் படித்ததும் மறந்துபோனது போல. நான் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தெருக்கோடியில் என் தம்பி மிஷின் ஓட்டும் சத்தம் அங்கேவரை கேட்டது. முக்காலி அங்கே பக்கத்திலேயே இருக்கிறது என்றுதான் எனக்கு நினைப்பு.

புத்தகத்தைத் திருப்பினால் அடி விழும். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? மேசையைச் சுற்றி நடந்து, அதிகாரியின் பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் எழுத்து அவளுக்குத் தோதாக இருந்தது. வாயைத் திறந்தாள்.

“ஓ, இந்தப் பக்கம் வந்துட்டியா?” என்று அதிகாரி புத்தகத்தை இந்தப் பக்கம் திருப்பினார்.

பொத்தான் வாயை மூடிக்கொண்டு மறுபடி சுற்றி அந்தப் பக்கம் போனாள்.

“அங்க போயிட்டியா?” திருப்பினார்.

அவள் இங்கே வந்தாள். அவர் திருப்பினார். அவள் அங்கே போனாள். பெரிய சார் வழியை மறிக்கப் பார்த்தார். அவர் உயரத்துக்குப் பொத்தான் அவரையும் ஒரு பிள்ளை என்று நினைத்து ஒதுக்கிவிட்டுப் போனாள். அதிகாரிக்கு வியர்த்தது, தலை சுற்றியது, வாயுவும் கிளம்பிவிட்டது.

“என்ன டீச்சர் இது? இந்தக் குழந்தை என்னைச் சுத்திச் சுத்தி வருதே!”

“நீங்க திருப்பாம இருந்தா அது நின்னுடும் சார்” என்றார் குடை டீச்சர். “கையை எடுத்துடுங்க. உங்க பக்கமா இருக்கட்டும். அவ எதிர்ல நிக்கட்டும்.”

“எதிர்ல நின்னா தலைகீழா இருக்குமே?”

“இருக்கட்டும் சார். பொத்தான், இது நம்ம டாக்டர் கதைன்னு நினைச்சுக்கோ. யாரும் அடிக்க மாட்டாங்க. நான் இங்கதான் நிக்கறேன்.”

பொத்தான் ஜன்னலைப் பார்த்தாள். டீச்சர் குடையை லேசாக அசைத்தார். பிள்ளை விரலை வலப்பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான், குதிரை கிளம்பிவிட்டது. பக்கம் முழுவதும் ஒரே மூச்சு. கடைசியில் இருந்த பக்க எண்ணையும் விடவில்லை.

அதிகாரி வாயைப் பிளந்தார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. “மனப்பாடம்” என்றார்.

“மனப்பாடமாத்தான் இருக்கணும் சார்” என்றார் பெரிய சார், அதிகாரி பக்கம் சாய்ந்துகொண்டு.

“அப்போ உங்க கையில இருக்கறதைக் கொடுங்க சார்” என்றார் டீச்சர். “அதை அவ மனப்பாடம் பண்ணியிருக்க முடியாதே.”

சுற்றின சுற்றில் அதிகாரிக்கு வயிறு பொருமி, பையிலிருந்து ஜீரணப் பொடி டப்பாவை எடுத்துக் கையில் வைத்திருந்தார். ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளலாம் என்று மூடியைத் திருகித் தளர்த்தியும் இருந்தார். யோசிக்காமல் நீட்டினார். பொத்தான் எட்டி வாங்கினாள். டப்பா அவள் கையில் நேராக நின்றது. நேரான எழுத்து அவளுக்கு ஆகாதே. டீச்சர் “பொத்தான்!” என்று கத்துவதற்குள் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூடி முதலில் விழுந்தது. அப்புறம் பொடி. அதிகாரியின் மடியில், கால்சட்டையில், மீசையில், எட்டிப் பார்த்த பெரிய சாரின் தலையில். பொத்தானுக்கு எதுவும் தெரியவில்லை. கண் எழுத்தில்தான்.

“வயிற்றுப் பொருமல், புளித்த ஏப்பம், பசியின்மை ஆகியவற்றுக்கு உகந்தது. உணவுக்குப் பின் ஒரு சிட்டிகை. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்...” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மூடியை எப்போதும் இறுக மூடி வைக்கவும்.”

படித்து முடித்தாயிற்று. பொடி மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி தும்மினார். இன்னொரு தும்மல். மூன்றாவது தும்மல் பாதியில் நின்று, சிரிப்பாக வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில் பெரிதாக ஓர் ஏப்பமும் வந்து, முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

“படிக்கத் தெரிஞ்ச பிள்ளைதான். நான் மூணு மாசமா வச்சிருக்கேன், அந்தக் கடைசி வரியை இன்னைக்குத்தான் கேக்கறேன்” என்றார். பிறகு பெரிய சாரிடம், “இவளை நல்லாப் படிக்க வைங்க. கொஞ்சம் தள்ளி நிக்க வச்சுப் படிக்க வைங்க” என்றார்.

பெரிய சார் தலையாட்டினார். தலையாட்டியதில் இன்னும் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

அன்று சாயங்காலம் டீச்சரும் நானும் பொத்தானும் கடைக்குப் போனோம். நான் நடந்ததை நடித்தே காட்டினேன். அதிகாரிக்குப் பதிலாக ஊசியை உட்கார வைத்து, செம்புத் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தேன். தம்பி பெண்டாட்டி சிரிக்கிறாள், அழுகிறாள், எது என்று அவளுக்கே தெரியவில்லை. தம்பி பொத்தானைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினான். ஆனாலும் அவன் கண் அந்த மூலைக்குப் போனது. பழகின பயம், அவ்வளவு சீக்கிரம் போகுமா?

“சந்தோஷம் டீச்சரம்மா. ஆனா அடுத்த வருசம் எப்படியோ, அதுக்கடுத்த வருசம் எப்படியோ. கையில ஒரு தொழிலும் இருக்கட்டுமேன்னு பாக்கறேன். முக்காலி வேற செஞ்சு போட்டாச்சு...”

பொத்தான் முகம் மாறியது. டீச்சர் அதைப் பார்த்தார்.

“ஆமாமா, முக்காலி வேற செஞ்சாச்சு” என்றார். “நல்ல முக்காலி. அன்னைக்கே உக்காரச் சொன்னீங்க. இன்னைக்கு எனக்கும் முட்டி ரொம்ப வலிக்குது டைலரே.”

“ஐயோ, வேண்டாம் டீச்...” என்று தம்பி பாய்ந்தான். அதற்குள் டீச்சர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்து, முழு மனதோடு உட்கார்ந்துவிட்டார்.

முக்காலி ஒரு சொல்தான் சொன்னது. மூன்று காலும் மூன்று திசைக்குப் போயின. டீச்சர் தரையில், கால் நீட்டிய வாக்கில், முகத்தில் துளி வருத்தம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரைத் தூக்க நான், தம்பி, தம்பி பெண்டாட்டி, ஊசி, அளவு கொடுக்க வந்திருந்த பால்காரர் என்று எல்லாரும் சேர வேண்டியிருந்தது.

“மன்னிச்சுக்கோங்க டைலரே. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, தாங்காதுன்னு.”

தம்பி உடைந்த காலை எடுத்துப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். மேசைமேல் நின்ற மகளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தான்.

“உக்கார வைக்க இடமும் இல்லாமப் போச்சு. இனி என்ன, நீ போய்ப் படிடி” என்றான்.

பொத்தான் மேசையிலிருந்து குதித்து, ஊசிக்கு எதிரே போய், முகவாயை வைத்துக்கொண்டாள். தம்பி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தான். ஊசி கொஞ்சம் நகர்ந்து, “இந்தப் பக்கம் வேணும்னா வா. குத்த மாட்டேன்” என்றான். நேராகப் படிக்க அவள் கற்றுக்கொண்டது அந்தப் பக்கம் உட்கார்ந்துதான். எதிர்ப்பக்கப் படிப்பையும் விடவில்லை. அதுதான் இன்றைக்கு ஆஸ்பத்திரி ஜன்னலில் சோறு போடுகிறது.

குடை டீச்சர் இப்போதும் முட்டியைக் காட்ட அங்கே வருவார். வரிசையில் நிற்பதே இல்லை. ஜன்னலுக்கு நேராகப் பத்திரிகையை விரித்து வைத்து, “எனக்குக் கண்ணு மங்கிடுச்சு, இந்த வாரம் என்ன ஆச்சுன்னு சொல்லுடி” என்பார். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். கதை ருசிக்கிற இடத்தில் முனகலும் நின்றுவிடும்.

அவருக்கும் எங்களுக்கும் உறவு எதுவும் இதுவரை பிடிபடவில்லை. தேடியாயிற்று. போகட்டும் என்று நானே அவரை நாத்தனார் முறையில் வைத்துவிட்டேன். உடைந்த முக்காலிக்கு நான் அவரிடம் சண்டைக்குப் போகலாம், அவரும் என்னிடம் பதிலுக்கு வரலாம். அதற்கு வேறு எந்த முறையும் சரிப்பட்டு வராது.